தீபாவளி லீவும் நாச்சிமுத்து அண்ணன் தக்காளியும்

ஸ்கூட்டி பஞ்சரான அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேறு வழியில்லாமல் எங்கள் ஊர் வழியாக வரும் கம்பெனி வேனில் ஏறினேன். சேவூர் ரோட்டில் ஒரு தோட்டத்துக்கு முன்னால் வேன் நின்றது. நின்றது என்று சொல்வது தப்பு, நிற்க வைத்தார்கள். பின் சீட்டுப் பெண்கள் நாலு பேர் ஒரே குரலில் "அண்ணா, அண்ணா, அண்ணா" என்று போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். வேலியோரம் தலையில் துண்டோடு ஒருவர் கொத்தமல்லி கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் காசு வெளியே போனது, கொத்தமல்லி உள்ளே வந்தது.

"லேட்டாப் போயி கேட்டு மூடியிருந்தா, கொத்தமல்லியக் காட்டி உள்ள போயிக்குவீங்களாக்கும்?" என்று டிரைவர் கத்தினார்.

"உங்களுக்கும் ஒரு கட்டு வாங்கியிருக்குதுங்கண்ணா."

டிரைவர் கியரைப் போட்டார்.

மத்தியானம் கேன்டீனில் அந்த வாசம் மேசை மேசையாகப் பரவியது. செக்கிங் பிரிவு செல்வி எழுந்தே வந்துவிட்டாள். சங்கரன்கோயில் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு திருப்பூர் வந்து, டவுனுக்குள் லைன் வீட்டில் குடியிருக்கிறாள். "இத எங்க வாங்குனிய? நான் வாங்குறது வைக்கோல் மாரில்லா இருக்கு!" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அந்தத் தோட்டத்துக் கொத்தமல்லி மண்டிக்குப் போய், ஏலமாகி, கடைக்குப் போய், செல்வி வேலை முடிந்து வாங்கும்போது இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்த மாதிரி வாடிப்போயிருக்கும். ஆனால் தினமும் காலையில் அதே தோட்டத்தைத் தாண்டித்தான் எங்கள் வேன் டவுனுக்குள் வருகிறது. மேலே கேரியர் சும்மா வருகிறது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமலே உட்கார்ந்து யோசித்தேன். தோட்டம் இருக்கிறது, வேன் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. நடுவில் ஒரு போன் நம்பர்தான் இல்லை.

அப்படி ஆரம்பித்ததுதான் 'வேன் பை'. இப்போது அதிலிருந்து நான் ரிட்டயர்டு. இருபத்தெட்டு வயதில் ரிட்டயர்மென்டா என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரே ஆள் பொறுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது, கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும் என்று ஆர்வக்கோளாறில் விதி போட்டவள் நான். அது முதலில் பிடித்தது என்னையே. அடுத்துப் பொறுப்பேற்ற இரண்டு ஜூனியர் பெண்கள், "அக்கா, என்னென்ன கோளாறாகும்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். அதனால் இது.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்ஸ்டைல் படித்தேன். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்காரர் கேட்ட பனியனை, கேட்ட கலரில், கேட்ட தேதிக்குள் கப்பலேற்றுவதற்காக எல்லோரையும் போனில் நச்சரிக்கும் வேலை. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. தேதியைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கப்பல் என்றைக்கு, அதற்கு முன் பேக்கிங் என்றைக்கு, அதற்கு முன் தையல் என்றைக்கு என்று. இந்த வித்தையை நம்பித்தான் பின்னால் கவிழ்ந்தோம். அது அப்புறம்.

முதலில் பி.எம். சாரிடம் அனுமதி வாங்க வேண்டும். புரொடக்ஷன் மேனேஜர். அவரைப் பார்க்கப் போகிற ஜூனியர்களுக்கு இது உபயோகப்படும். நீங்கள் பேசும்போது அவர் உங்களைப் பார்க்க மாட்டார். மேசைமேல் கிடக்கும் ஏதாவது ஒரு பனியனை எடுப்பார். கழுத்துப் பட்டிக்குள் இரண்டு கட்டைவிரலையும் விட்டு மெதுவாக இழுப்பார், விடுவார். கழுத்து பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார். நீங்கள் முடிக்கும்வரை இழுப்பதும் விடுவதும் நடக்கும். அவசரப்பட்டு நடுவில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பனியனைக் கீழே வைத்துவிடுவார், வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

நான் நிறுத்தாமல் பேசினேன். மூச்சு வாங்கியபோது அவர் கேட்டார்.

"வேன் எத்தன நிமிஷம் நிக்கோணும்?"

"பெட்டிய ஏத்தற நேரந்தாங்க சார்."

"காய எங்க வெப்ப?"

"கட்டிங் ஹால்ல மேசையெல்லாம் காலையில காலியாத்தான..."

பனியன் கீழே போகப் பார்த்தது. "வெள்ளைத் துணி விரிக்கற மேசைல தக்காளியா? ஒண்ணு நசுங்குச்சுன்னா அந்தத் தக்காளிய நீ எந்த நாட்டுக்கு அனுப்புவ?"

"வண்டி நிறுத்தற செட்டுல வெச்சுக்கறோம் சார். ஈரச் சாக்குப் போட்டு மூடி."

கழுத்துப் பட்டி இன்னொரு தடவை விரிந்து சுருங்கியது. "கெட்டுப்போனா யாரு தலை?"

"என் தலைதாங்க சார்."

"உன் தலைய வெச்சுட்டு நான் என்ன பண்றது? பாக்கலாம் போ."

'பாக்கலாம்' என்றால் அவர் அகராதியில் சரி. 'செய்யலாம்' என்றால்தான் பயப்பட வேண்டும்.

வேலியோரம் கொத்தமல்லி கட்டியவர்தான் நாச்சிமுத்து அண்ணன். கிணறும், கொஞ்சம் தண்ணீரும், ரோட்டையொட்டி நல்ல நிலமும் உள்ளவர். அவரும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரும் சேர்ந்தார்கள். முறை இதுதான்: விதை போடும் முன்னாலேயே தோட்டக்காரர்களும் கம்பெனியில் காய் வாங்கும் வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து விலை பேசிவிடுவோம். அறுவடை முடியும்வரை அந்த விலை ஏறாது, இறங்காது. வாரம் இரண்டு நாள் விடியலில் பறித்த காய் வேன் கேரியரில் ஏறும். கம்பெனி வண்டி செட்டில் இறங்கும். சாயங்காலம் கேட்டில் வீட்டுக்கு ஒரு பை. பையில் என்ன இருக்கும் என்று வீடு கேட்கக் கூடாது, அன்றைக்குத் தோட்டம் தருவதுதான் பை. கத்திரிக்காய் ஆகாத வீட்டுக்காக ஓரமாக ஒரு மேசை போட்டோம். பிடிக்காததை வைத்துவிட்டு, இன்னொருத்தர் வைத்ததை எடுத்துக்கொள்ளலாம். அந்த மேசையில் பாகற்காய் மலையாகக் குவிந்த நாள்களும் உண்டு.

பையை மிச்சம் விழுந்த பனியன் துணியில் நாங்களே தைத்தோம். பனியன் துணி இழுபடும் என்பது இந்த ஊரில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் தைத்தோம். முதல் வாரம் சுரைக்காய் போட்டோம். கேட்டைத் தாண்டுவதற்குள் பை எல்லோர் முழங்காலுக்கும் வந்துவிட்டது. செல்வி, "யக்கா, பஸ் ஸ்டாப்பு போறதுக்குள்ள இது ரோட்டக் கூட்டும்" என்றாள். அடுத்த வாரம் இழுபடாத துணிக்கு மாறினோம்.

காய் தரம் பார்க்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்திருந்தோம். செக்கிங்கில் பனியனில் எங்கே ஓட்டை, எங்கே கறை என்று காட்ட அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பழக்கதோஷத்தில் அவள் கத்திரிக்காய்க்கும் ஒட்டிவிட்டாள். பூச்சி துளைத்த இடத்தில் ஒரு அம்பு, கோணலாக இருந்ததற்கு ஒரு அம்பு, கலர் வித்தியாசத்துக்கு ஒரு அம்பு. சாயங்கால வேனில் ஒரு பெட்டி நிறைய அம்பு போட்ட கத்திரிக்காய் தோட்டத்துக்கே திரும்பிப் போனது. மறுநாள் நாச்சிமுத்து அண்ணன் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மிணி, கத்திரிக்காய்க்குத் திருஷ்டிப் பொட்டு வெச்சு அனுப்பியிருக்கறீங்க? கண்ணு படற அளவுக்கா நல்லாருந்துச்சு?"

"செக்கிங்ல ரிஜெக்ட் ஆயிருச்சுங்கண்ணா."

"கோணக் கத்திரிக்காய் கொழம்புல நேராப் படுத்துக்குமுங்க. அந்தப் பொண்ண ஒருக்கா இங்க வரச் சொல்லுங்க, செடியும் ஸ்டிக்கர் ஒட்டறதப் பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை செல்வியைக் கூட்டிப்போனேன். இருவரும் பாத்தி பாத்தியாகச் சண்டை போட்டார்கள். கோணலுக்கும் கலருக்கும் அம்பு கிடையாது, பூச்சி துளைத்தால் மட்டும் அம்பு என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அவள் கிளம்பும்போது அவர் ஒரு மடி நிறையக் கத்திரிக்காய் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

இனி கவிழ்ந்த கதை.

நாச்சிமுத்து அண்ணனின் மச்சான் டவுனில் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். ரோட்டையொட்டி இருக்கும் அந்தத் தோட்டத்தில் பெரிய செட்டு போட வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. செட்டு வந்தால் மாசம் பிறந்ததும் அண்ணனுக்கு வாடகை வந்துவிடும். மழை வந்தாலும் வராவிட்டாலும் கவலையில்லை. ஒரு நாள் வரப்பில் நின்றுகொண்டு அண்ணன் பட்டென்று சொன்னார்.

"இந்த ஒரு வெள்ளாமை பாக்கறனுங்க அம்மிணி. தக்காளி கை குடுத்துச்சுன்னா தோட்டம். இல்லீன்னா மச்சானுக்குச் செட்டு. எனக்கும் வயசு ஏறீட்டு இருக்குதுங்க."

அவர் போனால் வேன் பையில் பாதி போய்விடும். அவரைப் பார்த்துச் சேர்ந்த மற்ற தோட்டக்காரர்களும் ஆளுக்கொரு செட்டுக்கு இடம் பார்ப்பார்கள். எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, தேதியைப் பின்னோக்கி எண்ணினோம். எப்போது ஜனங்கள் அதிகம் வாங்குவார்கள்? தீபாவளிக்கு. கையில் போனஸ் இருக்கும், சமையலும் தடபுடலாக இருக்கும். அப்படியானால் ஐப்பசியில் பழம் பறிக்க வேண்டும், ஆவணியில் நாற்று நட வேண்டும். கச்சிதமாக இருந்தது. எல்லோரும் தலையாட்டினோம். செல்வியும் ஆட்டினாள், நாச்சிமுத்து அண்ணனும் ஆட்டினார். ஆவணியில் நாற்று நட்டார். மழையும் சொன்ன பேச்சைக் கேட்டது. செடி அப்படி வந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கேட்டில் பை கொடுத்துக்கொண்டிருந்தேன். செல்வி வாங்கிக்கொண்டு, "யக்கா, அடுத்த வாரம் எனக்குப் பை வேண்டாம். ஊருக்குல்லா போறோம்" என்றாள்.

"சரி."

பின்னால் நின்றவள், "எனக்கும் வேண்டாம்க்கா" என்றாள். அதற்குப் பின்னால் நின்றவளும் சொன்னாள். ஐந்தாவது ஆள் வாயைத் திறக்கும் முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

தீபாவளி என்றால் திருப்பூர் காலி. கம்பெனி மூடும், போனஸ் கையில் வரும், தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழியும். இது எங்களுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் தீபாவளி மறுநாள் நடு ரோட்டில் நின்று, "பாருங்க எங்க ஊர" என்று போட்டோ எடுத்துப் போடுகிற ஆள்கள் நாங்கள். ஆடைக்கு ஆர்டர் எடுத்தால் அந்த வாரத்தை முதல் வேலையாகக் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் எண்ணவே ஆரம்பிப்போம். தக்காளிக்கு மட்டும் அந்த வாரத்தையே குறி வைத்து நட்டிருக்கிறோம்!

நேரே தோட்டத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நாச்சிமுத்து அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். செடியெல்லாம் காயாகத் தொங்கியது. அங்கங்கே சிவக்கவும் ஆரம்பித்திருந்தது.

"அப்ப நான் போயி செடிகிட்டச் சொல்லீறட்டுங்களா, கம்பெனி லீவு, பழுக்க வேண்டாம்னு?"

சிவந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"நானும் இந்த ஊர்க்காரந்தானுங்களே. எனக்கும் தோணுல பாருங்க." செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டார். "மச்சான் காலைல இருந்து மூணாவது தடவ கூப்படறான்."

அன்றைக்கு மட்டும் அவர் அந்தப் போனை எடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே பிரார்த்தனை. செல்விக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏய், ஊருக்குப் போறப்ப தக்காளி கொண்டுபோவியா?"

"பஸ்ஸுலயா? பழமாக் கொண்டுபோனா ரசமால்லா போய்ச் சேரும்."

"செங்காயாப் பறிச்சா?" என்றார் நாச்சிமுத்து அண்ணன் குனிந்து, போனைப் பார்த்து. "சூடு படாம, அமுங்காமப் போச்சுன்னா ஊட்டுக்குப் போயிப் பழுத்துக்குமுங்க. தீபாவளிக்குச் சரியா இருக்கும்."

"அமுங்காம எப்படிப் போவும்? எங்க பஸ்ஸுல மனுசனே அமுங்கித்தான் போறோம்."

அமுங்காமல் ஒரு பொருளை எங்கேயும் அனுப்புவது எப்படி என்று தெரிந்த ஊர்தானே இது? மறுநாள் காலை பி.எம். சார் அறை வாசலில் நின்றேன். ரத்தான ஆர்டர் ஒன்றின் அட்டைப்பெட்டிகள் பேர் அச்சடித்தபடி ஸ்டோரில் மாதக்கணக்காகக் கிடந்தன. அவற்றைக் கேட்டேன். அவர் பனியன் எதையும் எடுக்கவில்லை. நேரே எழுந்து ஸ்டோருக்கு நடந்தார். ஒரு பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"தக்காளிய எடுத்துட்டு வா. டிராப் டெஸ்ட் பண்ணலாம்."

வேடிக்கையில்லை, நிஜமாகவே செய்தார். ஏற்றுமதிப் பெட்டியைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து மூலை படும்படியும், விளிம்பு படும்படியும், தட்டையாகவும் போட்டுப் பார்ப்பது வழக்கம். முதல் பெட்டியில் செங்காயை அப்படியே கொட்டி மேசை உயரத்திலிருந்து போட்டார். திறந்தோம். அடியிலிருந்த அடுக்கு சட்னி.

"ஃபெயில்" என்றார், எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் சொல்வதுபோலவே.

இரண்டாவது பெட்டியில் அடியில் வெட்டி மிஞ்சிய துணித் துண்டு, எங்கள் பாஷையில் கட்டிங் வேஸ்ட், ஒரு அடுக்கு தக்காளி, மேலே மறுபடி கட்டிங் வேஸ்ட். பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டை போட்டோம். போட்டார், மூலை மடங்கியது. திறந்தோம், ஒன்றுகூட நசுங்கவில்லை. அவர் ஒரு தக்காளியை எடுத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, விட்டு, பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்தார்.

"ஷிப்மென்ட் போலாம்" என்றார்.

போனஸ் நாளன்று எங்கள் கேட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையில் பெட்டி படுக்கை, இன்னொரு கையில் இனிப்பு, தலையில் ஏதோ வெளிநாட்டு ஊர் பேர் போட்ட தக்காளிப் பெட்டி. செல்வி தன் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா ஏசப்போறா. 'ஏட்டி, திருப்பூர்ல இருந்து எல்லாவளும் பனியன் கொண்டு வாரா, நீ பனியன் பெட்டில தக்காளி கொண்டு வந்திருக்கே'ம்பா" என்றாள். சொல்லிவிட்டு இரண்டாவது பெட்டியும் கேட்டாள், தங்கச்சி வீட்டுக்கு.

பாதிக்கு மேல் பஸ் ஏறியது. மிச்சத்தை நாச்சிமுத்து அண்ணன் மண்டிக்கே கொண்டுபோனார். அங்கே என்ன விலை கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஏறியதிலும் எல்லாம் சுகமாகப் போகவில்லை. மதுரை தாண்டி ஒரு பெட்டிமேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்களாம். அந்த ஆளின் புது வேட்டியைப் பற்றி வாட்சப்பில் வந்ததை இங்கே எழுத முடியாது. ஆனால் லீவு முடிந்து வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "பொங்கலுக்கும் பெட்டி உண்டா?" என்பதுதான். செல்வியின் அம்மா கட்டிங் வேஸ்ட்டை எடுத்துக் கைப்பிடித் துணி தைத்துக்கொண்டாராம்.

இதையெல்லாம் சொல்லி எப்படியாவது நாச்சிமுத்து அண்ணன் மனதைச் செட்டிலிருந்து மாற்றிவிடலாம் என்று தோட்டத்துக்கு ஓடினேன். வேலிக்கு உள்ளே ஜேசிபி நின்றிருந்தது.

என்னைப் பார்த்ததும் நாச்சிமுத்து அண்ணன் கை காட்டினார். "அங்கயே நிக்காம உள்ள வாங்க அம்மிணி, மொகத்த ஏன் இப்படி வெச்சிருக்கறீங்க?"

"செட்டுக்குக் குடுத்துட்டீங்களாண்ணா?"

"குடுத்துட்டனுங்க. மேக்கு மூலைய மட்டும். பூராப் பாறைங்க அங்க, அருகம்புல்லுங்கூட மொளைக்காது. மச்சானுக்கு அது போதும். வாடகை ஒரு கால், தோட்டம் ஒரு கால்னு நின்னுக்கறனுங்க. ஒத்தக் கால்ல நின்னுதான இத்தன நாளும் வலிச்சுது."

"தோட்டம்?"

"தோட்டம் தோட்டந்தானுங்க. ஆனா சாயப்பட்டறை கீயப்பட்டறை வந்துச்சுன்னா மச்சானும் கெடையாது, ஒறவும் கெடையாதுன்னு சொல்லீட்டன். நிட்டிங் மட்டும்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் சொல்லியிருக்கறன். உள்ள வேலை செய்யற பசங்களுக்குக் காய் நம்மகிட்டத்தான்."

"அப்படியெல்லாம் சட்டம் போட முடியாதுங்கண்ணா."

"சட்டம் எதுக்குங்க? வேலிக்கு அந்தப் பக்கம் ரூமு, இந்தப் பக்கம் காய். அவுங்க வேற எங்க போவாங்க?"

அந்த இடத்தில்தான் எனக்கு அடுத்த அரிப்பு ஆரம்பித்தது. வேன் பையிலிருந்து ரிட்டயர் ஆனால் சும்மா உட்கார வேண்டும் என்று விதியில் எழுதவில்லை. வேனே இல்லாமல், ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவர்களுக்குப் பறித்த கையோடு கொடுத்தால் எப்படி இருக்கும்? ஜூனியர்கள் வேனைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் வேலியைப் பார்த்துக்கொள்கிறேன்.

மார்கழிக் குளிர் வந்துவிட்டது. செட்டுக்கு ஷீட் போட்டாயிற்று, மிஷின் இறங்குகிறது. மிஷின் மாட்ட வந்தவர்களில் ஒருவர் மனோஜ், பீகார்க்காரர். இங்கேயே தங்கி ஓட்டப்போகிறார். திருப்பூருக்கு வந்து வெகுநாளாகிவிட்டதால் தமிழும் இந்தியும் ஒரே மூச்சில் வரும். நேற்று வேலியோரம் வந்து, "அண்ணா, சர்சோன் கா சாக் போடுவீங்களா?" என்று கேட்டார்.

நாச்சிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார்.

"கடுகுக் கீரை கேக்கறாருங்கண்ணா."

"கடுகா? அது தாளிக்கறதுங்களே."

"இலைய ஆய்ஞ்சு மசிச்சுச் சாப்பிடுவாங்களாம். அவங்க ஊர்ல குளிர்காலத்துக்கு அதுதானாம்."

"கடுகுக்கு எல இருக்குதுன்னே இன்னிக்குத்தான் யோசிக்கறனுங்க. நம்மூர்ல வருமுங்களா?"

"வரும் அண்ணா, தண்டி... குளிர் இருக்குல்ல," என்று மனோஜ் காற்றைக் காட்டினார். "விதை நம்ம பையா, எங்கண்ணன், ஊர்லேர்ந்து கொண்டு வந்திருக்கான். ரூம்ல முப்பது பேர் வரப்போறாங்க. எல்லாருக்கும் வேணும்."

நாச்சிமுத்து அண்ணன் மண்ணில் குச்சியால் ஒரு பாத்தியின் அளவைக் கோடு போடவே ஆரம்பித்துவிட்டார். நான் அவர் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, மனோஜைப் பார்த்துக் கேட்டேன்.

"ஊருக்கு எப்பப் போவீங்க? எல்லாரும் சேர்ந்தாப் போவீங்களா?"

"ஹோலிக்குத்தான் மேடம், மார்ச்ல. அதுவும் பாதிப் பேர். மிஷின் நிக்கக் கூடாதுல்ல."

நாச்சிமுத்து அண்ணன் விரல் மடக்கி மாசத்தை எண்ணினார். அப்புறம் குச்சியை எடுத்து, பாத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்தி கோடு போட்டார்.

"அதுக்குள்ள ரெண்டு மூணு அறுப்பு அறுத்துரலாமுங்க அம்மிணி. வெதைய நாளைக்குக் காலைல கொண்டாரச் சொல்லுங்க."